இடத்தை மட்டும்

பார்வையற்ற என் மாணவிக்குச் சதுரங்கப் புதிரைப் படமாக அனுப்பிவிட்டேன். அவள் கைப்பேசி 'படம்' என்று மட்டுமே வாசித்திருக்கிறது. வெட்கத்தோடு எழுதி அனுப்பினேன்: "வெள்ளை: ராஜா ஜி1, யானை இ1. கறுப்பு: ராஜா ஜி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. வெள்ளை ஆட வேண்டும். கறுப்பின் கடைசி வரிசைக்குக் காவல் இல்லை."

"அம்மா, கடைசி வரிதான் விடையே. இடத்தை மட்டும் சொல்லுங்க, நான் யோசிச்சுக்கறேன்."

மறுநாள் தன் பலகையைக் காட்டினாள். கறுப்புக் கட்டங்கள் மேடாக இருக்கும். காய்களைத் துளைகளில் செருக வேண்டும். விரல்களால் தடவித் தடவி யோசிக்கலாம். காயைத் துளையிலிருந்து எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு.

படிப்பு, கல்யாணம், வேலை என்று எனக்கு உதவியவர்கள் எல்லோரும் விடையையும் சேர்த்தே கொடுத்தார்கள். நானும் அவளுக்கு அதையே செய்திருக்கிறேன்.

அடுத்த புதிரில் இடங்களை மட்டும் எழுதினேன்.