அடிப்படை உறுப்பினர்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 1,200 ஆண்டுகள். ஊராட்சித் தேர்தல் முறைக்கு நாம் வழக்கமாக எடுத்துக்காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூரோ அவற்றைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. சபையில் அமர்வோர் யார், அவர்களுக்கு என்ன நிலப்பங்கும் கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்பதை அக்கல்வெட்டு வரையறுக்கிறது. எடுத்துரைக்கப்படும் எதற்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்து முட்டுக்கட்டை இடுவோர்க்குத் தண்டம் ஐந்து காசு என்றும் விதிக்கிறது.

அச்சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதனைக் குடியாட்சி என்று கொண்டாடுவோரோடு நாம் முழுதும் உடன்படுவதற்கில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. விதியைச் சபையார் கூடி இயற்றினர். இயற்றியதைக் கல்லில் வெட்டினர். மறுநாள் ஒருவர் எழுந்து, ‘இவ்விதி நேற்று வேறாக இருந்ததே’ என்று கேட்க வேண்டிய நிலை எழாது.

கல்லில் வெட்டப்படாத விதிகளைப் பற்றியே இக்கட்டுரை. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பெருங்கட்சிகளுள் ஒன்றில் நிகழ்ந்த தலைமைப் போட்டி, கட்சி அரசியலில் நாட்டமற்ற நம்மையும் சிந்திக்க வைத்தது. யார் வென்றார், யார் வீழ்ந்தார் என்பது நம் கவலையன்று. வாக்களிக்கும் உரிமை தமக்குண்டு என்று நம்பியிருந்த எளிய தொண்டர்களுக்கு அப்போட்டி என்ன செய்தது என்பதே நம் கவலை.

1972 அக்டோபர் 17 அன்று எம்.ஜி.ஆர். அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். கட்சிக் கணக்கைக் காட்டுமாறு கேட்டதன் தொடர்ச்சியாகத் தி.மு.க.வினின்று விலக்கப்பட்டவர் அவர். மேலிருப்போரைக் கீழிருப்போர் கேள்வி கேட்கலாம் என்பதே அக்கட்சியின் பிறப்புக் கதை எனலாம். அதற்கேற்பப் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்சியின் சட்டதிட்டத்தில் எழுதப்பட்டது. எவ்விதியையும் மாற்றும் அதிகாரம் பொதுக்குழுவுக்கு உண்டு, இவ்வொரு விதியை மாற்றும் அதிகாரம் மட்டும் இல்லை என்றும் சேர்க்கப்பட்டது. தி.மு.க.வில் தலைவரைப் பொதுக்குழுவே தேர்ந்தெடுக்கிறது. அண்ணா தி.மு.க.வின் கடைசித் தொண்டரும் தம் அட்டையைப் பெருமையோடு வைத்திருந்ததற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம். நடைமுறையில் ஒருவரே மனுச் செய்வதும் போட்டியின்றி அவரே தேர்வாவதும் வழக்கமாயிருந்தன. ஆகவே அவ்வுரிமை பெட்டிக்குள் வைத்த பட்டுப்புடவை போன்றது. உடுத்தியதில்லை, ஆனால் தம்முடையது.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். அம்மாத இறுதியில் பொதுக்குழு கூடி வி.கே. சசிகலாவை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கியது. இதனைச் சட்டதிட்டத்தைக் காட்டி எதிர்த்தவர்களுள் நம் ஆற்றங்கரைக்காரர் ஒருவரும் இருந்தார். சேரன்மகாதேவித் தொகுதியினின்று பலமுறை தேர்வாகிச் சட்டப்பேரவைத் தலைவராகவும் விளங்கிய பி.எச். பாண்டியனே அவர். அடிப்படை உறுப்பினர் வாக்களிக்காமல் பொதுச் செயலாளர் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 2017 செப்டம்பரில் பொதுக்குழு மீண்டும் கூடியது. அந்நியமனம் நீக்கப்பட்டது, மறைந்த ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்றாயிற்று. ஒருங்கிணைப்பாளராக ஓ. பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளராக எடப்பாடி கே. பழனிசாமியும் பொறுப்பேற்றனர். மாற்றவே கூடாது என்று எழுதப்பட்ட விதி முதன்முதலில் மாறியது அப்போதுதான். பின்னர் அதே விதியைச் சான்று காட்டி நீதிமன்றம் சென்ற பன்னீர்செல்வம், அன்று மாற்றியவர்களுள் ஒருவர் என்பதை மறப்பது நேர்மையாகாது.

2021 டிசம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. இரு பதவிகளுக்கும் அடிப்படை உறுப்பினர்கள் ஒற்றை வாக்கால் இணைந்தே தேர்ந்தெடுப்பர் என்றார்கள். சில நாள்களுக்குள் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மனுச் செய்ய வந்த வேறு சிலர் தடுக்கப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. இருவரும் போட்டியின்றித் தேர்வாயினர்.

பிறகு 2022 ஜூலை 11. வானகரத்தில் கூடிய பொதுக்குழு இரட்டைத் தலைமையை நீக்கிற்று. பொதுச் செயலாளர் பதவியை உயிர்ப்பித்தது. பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்தே நீக்கியது. அடிப்படை உறுப்பினரே பொதுச் செயலாளரைத் தேர்வர் என்ற பழைய விதியும் திரும்பி வந்தது. ஆனால் போட்டியிடுவோர்க்குப் புதிய வரம்புகள் வந்தன. பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும். வேறு பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். ஐந்தாண்டுகள் தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்கவும் வேண்டும்.

நீதிமன்றங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 ஆகஸ்டு 17 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி பழைய நிலை நீடிக்கட்டும் என்றார். செப்டம்பர் 2 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதனை நீக்கிற்று. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை ஏற்றது. மார்ச்சு 28 அன்று தீர்மானங்களுக்குத் தடை மறுக்கப்பட, வேறெவரும் மனுச் செய்யாத தேர்தலில் பழனிசாமி பொதுச் செயலாளராக அறிவிக்கப்பட்டார். பொதுக்குழு உறுப்பினர்கள் ஏறத்தாழ 2,600 பேர். அடிப்படை உறுப்பினர்கள் ஒன்றரைக் கோடி என்பது கட்சி சொல்லிவந்த கணக்கு. அந்த ஒன்றரைக் கோடியில் ஒருவர் கைக்கும் வாக்குச்சீட்டு வரவில்லை.

அவர்களுள் ஒருவரை நாம் அறிவோம். ஆற்றோரத்து ஊரொன்றில் வாழை பயிரிடுபவர், எழுபதைக் கடந்தவர். 1972-இல் மீசை அரும்பிய வயதில் கட்சியில் சேர்ந்தவர். ஞாயிறு திருப்பலி முடிந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இப்பேச்சு எழுந்தது.

“சாமி, மாவட்டச் செயலாளர் யாரு? தலைமை வச்ச ஆளு. தலைமைக்கு நிக்கணும்னா அவரு கையெழுத்து வேணும்னா, இது என்ன கணக்கு சாமி? வாய்க்கா மடையைத் தொறக்க வாய்க்காகிட்டயே கேக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு!”

“தேர்தல் நடந்திருந்தால் உங்கள் ஆள் வென்றிருப்பாரா, அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “எங்க ஆளுன்னு நீங்களா நெனச்சுக்கிட்டிய. நான் எடப்பாடியாருக்குத்தான் போட்டிருப்பேன். போட விடலையே சாமி.”

இம்மறுமொழியை நாம் எதிர்பார்க்கவில்லை. விதியைப் பற்றிய முறையீடு என்றாலே தோற்றவரின் புலம்பல் என்று கொள்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது மெய்யே. ஆயின் இங்கே வென்றவருக்கே வாக்களித்திருக்கக் கூடியவர், வாக்கை இழந்ததற்காக வருந்துகிறார். பொதுக்குழுவில் பழனிசாமிக்குப் பெரும்பான்மை இருந்ததை மறுப்பார் இல்லை. தொண்டர்களிடையேயும் அவரே வென்றிருக்கக்கூடும். வெல்லக் கூடியவருக்கு ஏன் இத்துணை உயர்ந்த வேலி?

வரம்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விளையாட்டாக மனுச் செய்வோரைத் தவிர்க்க ஏதேனும் தகுதி வேண்டும். மானூர்ச் சபையாரும் வைத்தனர். இருவர் கையொப்பமின்றி எதுவும் நகராத இரட்டைத் தலைமை கட்சியை முடக்கியது என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆனால் போட்டி தொடங்கிய பின், போட்டியாளருள் ஒருவர் வலுப்பெற்றிருக்கும் அவையிலேயே வரம்பை இயற்றினால், அது எவ்வளவு நியாயமானதாயினும் நியாயமாகத் தோன்றாது. அரசியலில் தோற்றமும் பாதி உண்மையே.

இந்நோய் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டு மக்களாட்சிக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வின்போது இதே குமுறல் எழுந்தது. மாநிலந்தோறும் கட்சி வாக்காளர் தேர்ந்தெடுக்கும் பேராளர்களோடு, எவர் வாக்கும் பெறாமல் பதவியின் பொருட்டே மாநாட்டில் அமரும் பேராளர் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். நியூ ஹாம்ப்சயரில் ஐந்தில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றார் பெர்னி சாண்டர்சு. பதவிவழிப் பேராளர்களோ பெரும்பாலும் ஹிலாரி கிளின்டன் பக்கம் நின்றனர். ‘எங்கள் வாக்கு எதற்கு?’ என்று இளைஞர் கேட்டனர். கணக்கைப் பார்த்தால் கிளின்டன் பெற்ற பொது வாக்குகளே முப்பது இலட்சத்துக்கும் மேல் கூடுதல். அப்பேராளர் இல்லாவிடினும் அவரே முன்னின்றிருப்பார். இருந்தும் ஐயம் அகலவில்லை. 2018-இல் கட்சி விதியை மாற்றி, போட்டி நிலவும் மாநாட்டின் முதற்சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை என்றது. விதியால் முடிவு மாறாவிடினும் நம்பிக்கை மாறிவிடும் என்பதை அவர்கள் சற்றுத் தாமதமாக உணர்ந்தனர்.

காங்கிரசுப் பேரியக்கத்திலும், 2022 அக்டோபரில் 22 ஆண்டுகளுக்குப் பின் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. மல்லிகார்ச்சுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். களம் சமமாயில்லை என்ற முறையீடு அங்கும் எழுந்தது. ஆனால் சீட்டு இருந்தது, பெட்டி இருந்தது. தோற்றவருக்கும் ஓர் எண் இருந்தது. நம் வாழைத்தோட்டக்காரர் கேட்டதும் அவ்வளவே.

திருச்சபையும் இப்பாடத்தை எளிதில் கற்கவில்லை. 1159-இல் திருத்தந்தைத் தேர்தலில் கர்தினால்மார் பிளவுபட்டனர். பெரும்பாலோர் மூன்றாம் அலெக்சாந்தரைத் தேர்ந்தனர். எதிரணியின் ஒக்தாவியான் செம்போர்வையைப் பறித்துத் தாமே போர்த்திக்கொண்டார், அதுவும் முன்பின் மாறி. ‘எண்ணிக்கையில் மிக்கோரா, அறிவில் மிக்கோரா, யார் வாக்கு பெரிது?’ என்ற பழைய குழப்பமே இதற்கு இடந்தந்தது. பிளவு ஓய்ந்தபின் 1179-இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம், மூன்றில் இரு பங்கு வாக்கு பெற்றவரே திருத்தந்தை என்று வரையறுத்தது. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில் இதனை வெறும் ஆண்டுக்கணக்காகவே மனனம் செய்தோம். 1996-இல் இரண்டாம் யோவான் பவுல், பல சுற்றுகளுக்குப் பின் பாதிக்கு மேல் பெற்றாலே போதும் என்று தளர்த்தினார். தேர்ந்தெடுக்கப்பட்டு ஈராண்டு கழித்து, 2007-இல், பதினாறாம் பெனடிக்ட் அதனைப் பழையபடி மூன்றில் இரு பங்காக்கினார். இதனால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. அவரது தேர்தல் முடிந்துவிட்டது. 2025 மே மாதத்தில் 133 கர்தினால்மார் கூடியபோது வேண்டியிருந்தவை 89 வாக்குகள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

இது கர்தினால்மாரின் தேர்தலே அன்றி இறைமக்களின் தேர்தலன்று என்று வாசகர் குறுக்கிடலாம். உண்மையே. எல்லாருக்கும் தலைவராக இருப்பவர் எல்லாராலும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டில் பெரிய சிங்கராயர் எழுதினார். அவர் காலத்து ஆயர் தேர்வில் மக்கள் குரலுக்கு இருந்த இடம் இன்று இல்லை. பங்குப் பேரவைக்கு ஆள் தேடும்போது பங்குத்தந்தையரின் பென்சில் எப்பெயர்மேல் நிற்கும் என்பதையும் வாசகர் அறிவர். ஆகவே கட்சிகளுக்குப் பாடம் சொல்லும் உயரத்தில் நாம் நிற்கவில்லை.

ஆயினும் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இங்கு நினைவுக்கு வருகிறது. எருசலேமில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டதாக முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அதனை அடக்கவில்லை, முணுமுணுத்தோரை நீக்கவுமில்லை. சீடர் அனைவரையும் கூட்டி, ‘நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பெயர்களையும் வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைக்க எபிரேயர் அஞ்சவில்லை என்று பேராசிரியர் ஒருவர் வகுப்பில் விளக்கியது இன்றும் செவியில் இருக்கிறது.

வழக்குகள் அதன்பின்னும் ஓயவில்லை. 2023 ஆகஸ்டில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 2017-இல் தந்தையோடு நின்று வாதிட்டவரும், பின்னர் பொதுக்குழுத் தீர்மானங்களை எதிர்த்து வழக்காடியவருமான பி.எச். மனோஜ் பாண்டியன், 2025 நவம்பரில் தி.மு.க.வில் சேர்ந்து ஆலங்குளம் சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் துறந்தார். பெரியோர்க்குப் போக இன்னொரு வீடு உண்டு.

வாழைத்தோட்டத்துப் பெரியவர் எங்கும் போகவில்லை. அட்டையைப் புதுப்பிக்கப் படிவம் வந்தபோது நிரப்பிக் கொடுத்துவிட்டாராம். “அம்பது வருசம் சாமி, விட்டுர முடியுமா?” என்றார். பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, அவர்கள் கேட்கவில்லை, தாமும் கொடுக்கவில்லை என்றார்.