சேர்க்கைப் பதிவேட்டில் இல்லாத ஒரு பெயர்

கடந்த ஆண்டு மே மாதக் கடைசி. தோவாளை தாலுகாவில், வயல்களை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கும் அந்தச் சின்ன நர்சரி பள்ளியின் அலுவலக அறைக்கு ஒரு பெண் வந்தார். கையில் மூன்றரை வயதுப் பையன். சேலை முந்தானையில் வாழைநார் ஒட்டியிருந்தது. தோவாளை பூச்சந்தைக்கு மாலை கட்டிக் கொடுப்பவர். கணவர் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறார்.

"டீச்சர், மத்த வருசம் எங்க சின்னம்ம மவனுக்கு ஃப்ரீ சீட்டு கெடச்சுதுல்லா? இந்த வருசம் அது எப்பம் வரும்?"

"வரும் மக்ளே. ஏப்ரல்லயே வரவேண்டியது. கோர்ட்டு, கேஸுன்னு கெடக்கு. நீ பைசா ஒண்ணும் கட்டாண்டாம். அறிவிப்பு வந்ததும் நானே கூப்பிடுதேன்."

இந்தப் பதிலைச் சொன்னவருக்கு வயது 58. பள்ளியின் தாளாளர் அவர்தான், முதல்வரும் அவர்தான். ஒரு டீச்சர் லீவு போட்டால் இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவரும் அவரே. ஊரில் எல்லோருக்கும் 'பெரிய டீச்சர்'. தன் பெயரும் பள்ளியின் பெயரும் வரக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அன்று நல்ல மனதோடு சொன்ன அந்தப் பதில்தான் ஐந்து மாதம் கழித்து அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை 140 பிள்ளைகள், ஒன்பது ஆசிரியைகள், ஓர் ஆயா, ஒரு வேன். தனியார் பள்ளி என்றதும் நம் கண்ணில் வரும் பளபளப்பான கட்டடமும் நீச்சல் குளமும் இங்கே கிடையாது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ நெல் விளைச்சல். கட்டணமும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் வரும். 'அறுப்பு முடியட்டும் டீச்சர்' என்று சொல்பவர்களிடம் அவர் மறுபேச்சு பேசுவதில்லை. பாக்கி வைத்தவர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால் டி.சி.யைக் கொடுத்துவிடுவார். மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்வதற்கு முன்பிருந்தே அவர் வழக்கம் அதுதான். அதனால் வராமல் போன பணம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் அறையில் ஓர் இரும்பு பீரோ உண்டு. பள்ளியின் ஆயுள் அதற்குள்தான் இருக்கிறது: கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. ஒன்று காலாவதியானாலும் அங்கீகாரம் புதுப்பிப்பது சிக்கலாகிவிடும். 'இவ்வளவு பேப்பர் எதுக்கு?' என்று புதிதாக வரும் ஆசிரியைகள் கேட்டால் அவர் சொல்லும் ஒரே வார்த்தை, கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரையில் இருந்தது கீற்று. அந்த வாரம் வரை இந்தப் பள்ளியிலும் இரண்டு வகுப்புகள் ஓலைக் கொட்டகையில்தான் நடந்தன. உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து ஓலையைப் பிரித்துப் போட்டார். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகள் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள்.

வேனுக்கும் அப்படித்தான். 2012-ல் சென்னையில் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, தரை, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் காட்ட வேண்டும். செலவைப் பற்றிப் புலம்புவார். ஆனால், விதி தேவையில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

உத்தரவுகள் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அதுவும் இரவில். 'நாளை மாலைக்குள் எமிஸில் பதிவேற்றவும்' என்று ஒரு வரி வந்தால் அன்றைய இரவு போச்சு. பெற்றோரிடமிருந்து வரும் செய்தி வேறு ரகம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. உள்ளூர் விடுமுறைக்கும் குறைவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா, சிவராத்திரி, மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம், மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 என்று வரிசையாக வரும். வானம் கறுத்தால் போதும், "டீச்சர், நாளைக்கு லீவா?" என்று 40 பேர் கேட்பார்கள். கலெக்டருக்கு முன்னால் தன்னிடம்தான் மழை வந்து கையெழுத்து வாங்குகிறது என்று எல்லோரும் நினைப்பதாக அவர் சிரிப்பார்.

ஆனால், 2025 கோடையில் பெற்றோர் கேட்டது லீவைப் பற்றி அல்ல, 'ஆர்.டி.இ. எப்ப டீச்சர்?' என்றுதான்.

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 12(1)(சி) பிரிவின்படி, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டு லட்சம் ரூபாய். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் ஆன்லைனில் விண்ணப்பம், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

இந்த மாவட்டத்தில் அந்த இடங்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. 1809-ல் ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து இங்கே கிறிஸ்தவ அமைப்புகள் ஏராளமான பள்ளிகளை நடத்துகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவிகித எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அதில் இந்தப் பள்ளிகளின் பங்கு பெரிது. ஆனால், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. ஆக, இன்றைக்கு இலவச இடம் தேடும் குடும்பம் மற்ற பள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும். பெரிய டீச்சரின் எல்.கே.ஜி.யில் 20 இடம். அதில் ஐந்து ஆர்.டி.இ.

2025 ஏப்ரலில் அறிவிப்பு வரவில்லை. மே மாதமும் வரவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால் சமக்ர சிக்‌ஷா நிதியை மத்திய அரசு தரவில்லை என்றது மாநில அரசு. பள்ளி திறந்தது ஜூன் 2-ம் தேதி. ஜூன் 10-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், ஆர்.டி.இ. நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை என்று சொன்னது. மத்திய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி மாநில அரசும் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றது. பெரிய டீச்சர் அந்தச் செய்தியைப் பெற்றோர் குழுவில் போட்டு, 'இனி சீக்கிரம் வரும்' என்று எழுதினார். ஜூலை போனது. ஆகஸ்ட் போனது.

பூ கட்டும் அந்தப் பெண் ஜூன் மாதத்தில் மூன்று முறை வந்தார். பையன் ஒவ்வொரு முறையும் எல்.கே.ஜி. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பான். 'சேர்த்துவிடு, பைசா பிறகு தா' என்று சொல்லியிருக்கலாம். வேறு சிலரிடம் அவர் அப்படித்தான் சொன்னார். இந்தப் பெண்ணிடம் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் முதலில் விண்ணப்பம், பிறகு தேர்வு, அதன் பின்தான் சேர்க்கை. கட்டணப் பிள்ளையாகப் பதிவேட்டில் ஏறிவிட்டால் இலவச இடம் நழுவிவிடுமோ என்று பயந்தார். கைக்காசு இல்லாத குடும்பத்தின் வாய்ப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தார். முந்தைய ஆண்டு ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கான தொகையும் அப்போது வந்து சேரவில்லை என்பது இன்னொரு காரணம். அதையும் அவர் மறைக்கவில்லை. ஜூலை நடுவில் அந்தப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டார். பையன் அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

அக்டோபர் முதல் வாரம். மத்திய அரசு நிதியை விடுவித்ததும், 2025-26-க்கான ஆர்.டி.இ. சேர்க்கையைத் தமிழக அரசு அறிவித்தது. இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவைப் பெரிய டீச்சர் இரண்டு முறை படித்தார். கல்வி ஆண்டு பாதி ஓடிவிட்டதால் புதிதாக யாரும் விண்ணப்பிக்க முடியாது. நுழைவு வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்து படிக்கும் பிள்ளைகளில் தகுதியானவர்களைக் கண்டறிய வேண்டும், அவர்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல். அவர்களிடம் வாங்கிய கட்டணத்தை ஏழு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் அந்த முறையில் ஒரு நியாயம் தெரியும். அக்டோபரில் புதுப் பிள்ளைகளை எங்கிருந்து கொண்டுவருவது? ஆனால், கட்ட முடிந்தவர்கள் ஜூனிலேயே சேர்ந்துவிட்டார்கள். கட்டவே முடியாதவர்கள்தான் அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அவர்களைத்தான் அந்த வரி வெளியே விட்டது.

அவர் பள்ளிக் குழுவில் கேட்டார்: 'இப்போது ஒரு பிள்ளையைச் சேர்த்துக் கணக்கில் காட்டலாமா?' ஏற்கெனவே சேர்ந்தவர்கள் மட்டும் என்று பதில் வந்தது. முன்தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதிவிடலாமே என்று போனில் ஒருவர் யோசனை சொன்னார். பேனாவை எடுக்கக்கூட இல்லை. அப்படி ஒரு வரி எழுதினால் மற்ற 140 வரிகளுக்கும் மதிப்பில்லை என்றார்.

தகுதியான ஐந்து பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் பெற்றோரிடம் வாங்கியிருந்த கட்டணம் மொத்தம் 24,500 ரூபாய். அது ஆகஸ்ட் சம்பளமாகி எப்போதோ கரைந்திருந்தது. அவர் வளையல்கள் நகைக்கடனுக்குப் போயின. பணத்தைத் திரும்ப வாங்க வந்த ஓர் அப்பா நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு, "பள்ளிக்கூடத்துலேர்ந்து பைசா திரும்ப வந்து நான் பாத்ததே இல்ல டீச்சர்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், பெரிய டீச்சரைத் தவிர.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்ல முடியாது. எல்.கே.ஜி. ஆர்.டி.இ.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்து நான்கு ஆகாமல் இருக்க வேண்டும். பையன் 2021 நவம்பரில் பிறந்தவன். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அதுதான் நுழைவு வகுப்பு. யு.கே.ஜி.க்கு இந்த இடம் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கும் தனியார் பள்ளி வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்தால்தான் இன்னொரு வாய்ப்பு. இந்த ஊரில் அப்படி ஒன்று இல்லை.

இதைப் போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பூச்சந்தைக்கே போனார். பிச்சியும் கேந்தியும் குவிந்து கிடக்க, ஏலச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "அண்ணைக்கு உன்னைக் கட்டாண்டாம்னு சொன்னது நான்தான். அது தப்பாப் போச்சு மக்ளே."

அந்தப் பெண் கட்டிக்கொண்டிருந்த சரத்தை நிறுத்தவில்லை. "போட்டு டீச்சர். நீங்க என்ன செய்வீங்க? அங்கன்வாடில முட்ட குடுக்காவ. அவனுக்கு அங்க கூட்டாளி சேந்தாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டுதான் இங்கிலீஷ்ல பாட மாட்டேங்கான்" என்றார்.

அன்றிலிருந்து பள்ளியில் ஒரு புது நோட்டு இருக்கிறது. இடம் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும் தேதி, பிள்ளையின் பிறந்த நாள், என்ன கேட்டார்கள், என்ன பதில் சொல்லப்பட்டது என்று நான்கு கட்டங்களில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அறிவிப்பு வரும் வரை காத்திருங்கள் என்று இனி யாரிடமும் சொல்வதில்லை. தகுதி உள்ள பிள்ளை என்றால் முதலில் சேர்க்கை, பணம் பிறகு. தெரிந்த மற்ற தாளாளர்களுக்கும் இதையே சொல்கிறார். 'உங்களுக்குக் கட்டுபடியாகுமா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். அதற்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது பையனின் தங்கை. பூச்சந்தையிலேயே அவள் பிறந்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், 2024 மார்ச். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "2027 ஜூன்ல எல்.கே.ஜி." என்றார். "பிறப்புச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இப்பமே எடுத்து வை. வருமானச் சான்றிதழ் மட்டும் எடுக்காண்டாம். அது ஒரு வருசம்தான் செல்லும்."