மலைச்சரிவில் ஏழு பேர்ச்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் சென்றவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். நாட்டிலேயே மிக உயரத்தில் அமைந்த பட்டிப்பொல நிலையத்தைக் கடந்ததும் வண்டி ஒரு சுரங்கத்தினுள் நுழைகிறது. ஓகஸ்ட் மாதமாயின், நுழையும்போது மழையும் மூடுபனியும். வெளிவரும்போது பளீரென்ற வெயில்! அச்சுரங்கத்தின் மறுவாயிலில்தான் ஊவா தொடங்குகிறது. மேற்குச் சரிவை நனைத்த காற்று, ஈரத்தை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் அந்த வறட்சியில்தான் பிறக்கிறது. இதன் பொருளை அன்று நாங்கள் சற்றுச் சிந்தித்திருந்தால், பின்னர் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், பசறைப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் எங்கள் மூத்த அக்காளின் வீட்டுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அரை நூற்றாண்டு வாழ்ந்த அக்காளுக்கு அவ்வாண்டுதான் தனிவீடு கிடைத்திருந்தது. 7 பேர்ச் நிலம். அதில் 550 சதுர அடியில் ஒரு வீடு. ஓர் ஏக்கரை 160 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு பேர்ச் ஆகும். ஏழு பேர்ச் என்பது சற்றேறக்குறைய 1,900 சதுர அடி. மாளிகையில் வாழ்வோருக்கு அது ஒரு மூலை. 1823ஆம் ஆண்டு தொட்டு இம்மலைகளில் உழைத்தும், கையகலக் காணிக்கும் உரிமையற்றிருந்த மக்களுக்கோ அது ஒரு நாடு. “வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டுத் தருகிறோம், அக்கா” என்று வாக்களித்திருந்தோம்.

வழியில் அப்புத்தளையில் இறங்கி அடிசம் பங்களாவைப் பார்த்தோம். ஆங்கிலேயத் தோட்ட முதலாளியான சேர் தோமஸ் வில்லியர்ஸ், தாம் பிறந்த ஊரின் பெயரைச் சூட்டி 1931இல் கட்டி முடித்த கல்மாளிகை அது. இன்று கிறிஸ்தவத் துறவியர் மடமாக விளங்குகிறது. அதன் புல்தரையும் பூச்செடி வரிசைகளும் எங்கள் கண்களை விட்டு அகலவேயில்லை. தெமோதரையில் நிலையத்தின் அடியிலேயே வண்டி வளைந்து செல்லும் அற்புதத்தைக் குழந்தைகள் கைகொட்டி வியந்தபோதும், நாங்கள் மனத்துக்குள் புல்தரை விரித்துக்கொண்டிருந்தோம்!

அக்காளின் வீடு சரிவொன்றின் நடுவே நிற்கிறது. முன்னால் நமுனுகுல மலை, பின்னால் தேயிலை. “மேடுபள்ளமாய் இருந்தால் தோட்டமா?” என்று சொல்லி, வீட்டின் பின்புறச் சரிவை வெட்டினோம். வெட்டிய மண்ணை முற்றத்தில் கொட்டிச் சமன் செய்தோம். புல்பூண்டு யாவற்றையும் சுரண்டியால் வழித்தெடுத்தோம். டேலியாவும் செவ்வந்தியும் நட்டோம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கற்றவர்களன்றோ நாங்கள்? ஆவணி பிறந்துவிட்டதே என்ற ஏக்கத்தோடு போஞ்சியும் கத்தரியும் விதைத்தோம்.

அக்காளின் மாமனார் திண்ணையிலிருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் தேயிலை மலையில் கான் வெட்டியவர் அவர். சரிவின் குறுக்கே நீர்வழி வெட்டுவதைத் தோட்டத்தில் கான் வெட்டு என்பார்கள். “எப்படி இருக்கிறது, மாமா?” என்று பெருமையோடு வினவினோம். “அழகாத்தான் இருக்கு, தம்பி. மழை வரட்டும்” என்றார். அதை ஆசீர்வாதம் என்றே எண்ணினோம்.

முதலில் வந்தது மழையன்று, காற்று. ஊவாவின் இச்சரிவுகளுக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. சிறுமழை மார்ச், ஏப்ரலில். ஆடியும் ஆவணியும் இங்கே கச்சான் வீசும் காலம். ஆடிப்பட்டம் தமிழ்நாட்டு வயல்களுக்கு உரிய பழமொழி; மூதாதையர் கொண்டுவந்த மூட்டையில் மொழியோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது போலும்! அக்காள் வாளி வாளியாய் நீர் சுமந்தும் பாதிச் செடிகள் கருகின. மீதியை ஒக்டோபர் மழை கொண்டுபோயிற்று. செடிகளை மட்டுமா? நாங்கள் கொட்டிய மண் முழுவதும் சேறாகிக் கீழ்வீட்டாரின் முற்றத்தை மூடியது. வெட்டிய பின்புறச் சுவரிலிருந்து ஒரு கட்டி மண் சரிந்து சமையலறைக் கதவில் மோதி நின்றது. தொலைபேசியில் அக்காள் கோபிக்கவில்லை. “மழைச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தூங்குவதில்லை” என்று மட்டும் சொன்னார். அச்சொல் எங்களைச் சுட்டது.

சுடாதிருக்குமா? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியில் மீரியபெத்தவின் லயங்களை மலை மூடியதை இப்பகுதியில் மறந்தவர் யார்? அங்கே புதையுண்டவர்களிற் பலரது உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

டிசெம்பர் விடுமுறையில் தலைகுனிந்து சென்றோம். “இப்போது மண்வெட்டியைத் தொடாதீர்கள்” என்று மாமா தடுத்துவிட்டார். மழைக்காலத்தில் மலையைக் கிளறக் கூடாதாம். மானாப்புல்லை அறுத்து, வெறுமையாய்க் கிடந்த மண்மீது அடர்த்தியாகப் பரப்பச் செய்தார். மழைத்துளி மண்ணை நேரே அறையாதிருக்க அதுவே முதல் மருந்து. பின்பு குழந்தைகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். மழை பெய்கையில் குடை பிடித்து நின்று, நீர் எங்கிருந்து வந்து எவ்வழியே ஓடுகிறது என்று பார்த்து, மழை விட்டதும் அவ்வழியில் குச்சி நடவேண்டும். இரண்டு வாரத்தில் நிலத்தின் உண்மைப் படம் எங்கள் கண்முன் விரிந்தது. நாங்கள் ஆசையோடு டேலியா நட்ட இடம், மலைநீரின் பழைய பாதை!

அந்த மாலைகளில் மாமா பழங்கதையும் சொன்னார். இம்மலைகளின் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பியின் இலைநோய் முதன்முதல் காணப்பட்டது இங்கே மடூல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. களை இல்லாத மலையே நல்ல மலை என்று துரைமார் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டச் சுரண்ட மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1951இல் மண் பாதுகாப்புக்கென நாடு ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. “தண்ணி ஓடினா திருடன், தம்பி, நடந்தா வேலைக்காரன். அதை நடக்க வைக்கத்தான் கான்” என்றார்.

2024 ஓகஸ்டில், மண் உலர்ந்திருந்த வேளையில், புதிதாகத் தொடங்கினோம். முதற்கருவியை நாங்களே செய்தோம். சம நீளமுள்ள இரு கம்புகளை உச்சியில் கட்டி, இடையே ஒரு குறுக்குக் கம்பை இணைத்து, ஆங்கில ‘ஏ’ எழுத்தைப் போன்ற சட்டமொன்றை உண்டாக்கினோம். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு தொங்கும். இரு கால்களையும் நிலத்தில் ஊன்றிக் கயிறு படும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கால்களை இடம் மாற்றி ஊன்றி மீண்டும் குறித்தால், இரு குறிகளுக்கும் நடுவே உள்ளது மட்டக்குறி. கயிறு அக்குறியில் நிற்குமாறு ஒரு காலை மாற்றி மறுகாலாக நடத்திச் சென்று முளையடித்தால், சரிவின் குறுக்கே சமமட்டக் கோடு கிடைத்துவிடும். செலவு ஒரு சதமுமில்லை. பள்ளியில் படித்த கணிதம் கம்பும் கயிறுமாய் நிற்பதைக் கண்டு எங்கள் மூத்த மகன் வியந்துபோனான்.

பிறகு கான். வீட்டுக்கு மேலே வெட்டும் கானுக்கும் கீழே வெட்டும் கானுக்கும் வேற்றுமை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம். மேற்புறம் நீர் தேங்கி மண்ணுள் ஊறினால் மலை கனத்துச் சரியும். ஆகவே அங்கே நீர் தேங்காமல் ஓரத்து ஓடைக்குப் போக வேண்டும். 120 அடிக்கு 1 அடி இறக்கம் என்பது மாமாவின் கணக்கு. எங்கள் நிலத்தின் அகலம் 40 அடி. ஆகவே ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 4 அங்குலமே தாழ்வு. நீர் விழும் வாயில் மண் அரிக்காதபடி கல் பதித்தோம். வீட்டுக்குக் கீழே வெட்டிய கான்களிலோ இடையிடையே மண் தடுப்புகளை விட்டுவைத்தோம். அங்கே நீர் நின்று, வண்டலை இறக்கிவிட்டு, வழிந்து செல்லும். அந்த வண்டலை அள்ளி மீண்டும் பாத்திக்கே போடலாம்.

நாங்கள் செய்த பெரும்பிழையாகிய பின்புற வெட்டை மட்டும் எங்கள் கையால் சீர்செய்யத் துணியவில்லை. அனுபவமுள்ள மேசனாரை அழைத்து, நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டுக் கற்கட்டு எழுப்பினோம். அதன் மேல் வெட்டிவேர் வரிசையாய் நட்டோம். வெட்டிவேர் பத்தடி ஆழம்வரை செங்குத்தாய் இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்க வல்லது. காற்றில் ஆடும் பெருமரம் எதுவும் அங்கே ஆகாது என்றார் மாமா.

செப்டெம்பர் இறுதியில், மழைக்குச் சற்று முன்பாக, அக்காள் பயிரிட்டார். வேலிக்குக் கிளிரிசீடியாக் கம்பு. அதன் தழை பாத்திக்கு உரம், கிளை போஞ்சிக்குப் பந்தல். கல்வரம்போரம் கறிமிளகாய். குளியல் நீர் வழியும் இடத்தில் வாழை. கழுவு நீர்ப் பக்கம் வல்லாரை. வீதியோரமெங்கும் மஞ்சளாய்ப் பூத்துக்கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை வெட்டிவந்து தழையுரமாக்கினார். குழந்தைகளின் விருப்பத்துக்கு ஒரே ஒரு டேலியா; அதுவும் நீர் செல்லாத மூலையில்! தைப்பொங்கலுக்கு நாங்கள் சென்றபோது பாத்தி மண் பாத்தியிலேயே இருந்தது. கீழ்வீட்டார் சேற்றுக்குப் பதிலாகப் போஞ்சி பெற்று மகிழ்ந்தார்கள்.

தோட்டத்தில் இன்னொரு பொருளும் உண்டு. நேரான பக்கங்களையுடைய ஒரு கண்ணாடிப் போத்தல். அதில் மில்லிமீற்றர் அளவு ஒட்டிய தாள். வெட்டவெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் அளந்து, வெறுமையாக்குவது அக்காளின் இளைய மகளின் கடமை. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 பெய்தால் புறப்பட ஆயத்தம். 150 பெய்தாலோ, ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற்றம். மண்சரிவை ஆராயும் அரச நிறுவனம் மலைநாட்டு மக்களுக்குக் கூறும் கணக்கு இது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனப் பொங்கும் கலங்கல் ஊற்று, திறக்க மறுக்கும் கதவு, இவற்றில் எதைக் கண்டாலும் போத்தலுக்குக் காத்திருத்தல் ஆகாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோது, அந்தச் சிறுமி மழை விடும்வரை காத்திராமல் மணிக்கு மணி அளந்தாள். மாலைக்குள் நீர் 100ஐத் தாண்டியது. இருளுமுன் குடும்பம் பாடசாலைக்குச் சென்றுவிட்டது. அண்டை வீட்டார்களையும் அவள் கதவு தட்டி அழைத்தாளாம். அன்றிரவு மலையின் வேறொரு பக்கத்தில் மண் சரிந்தது.

பாதை திறந்ததும் பேருந்தில் விரைந்தோம். வீடு நின்றது. மேற்கான் பாதி தூர்ந்து கிடந்தது. கீழ்ப்பாத்தியொன்று வழுக்கி இறங்கியிருந்தது. தோட்டம் மலையைத் தாங்கிற்று என்று நாங்கள் சொல்லமாட்டோம். எந்தத் தோட்டமும் அத்துணை பெரிதன்று. ஆயினும் நீரைக் கவனிக்கும் பழக்கத்தை அக்குடும்பத்துக்குத் தந்தது அத்தோட்டமே. அதுதான் உயிரைக் காத்தது.

நாங்கள் சென்றபோது மாமா, நிலத்தின் கீழெல்லையில், வீட்டுக்கு எட்டாத தூரத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அருகே ஒரு பலாக்கன்று. லயத்து முற்றத்தில் அவர் வாழ்நாளெல்லாம் பயிரிட்டவை மூன்று மாதப் பயிர்களே. எப்போது எடுத்துக்கொள்வார்களோ என்று தெரியாத நிலத்தில் மரம் வைப்பார் உண்டா? இன்றும் எத்தனையோ குடும்பங்கள் அந்நிலையிலேயே வாழ்கின்றன.

“காய்க்க எத்தனை வருஷம் ஆகும், தாத்தா?” என்று கேட்டாள் சிறுமி.

“ஏழெட்டு ஆகும்” என்றார், எழுபத்தெட்டு வயதான அப்பெரியவர். கன்றைக் குழியில் இறக்கிவிட்டு, அவளைப் பார்த்து, “மண்ணைத் தள்ளு” என்றார்.