நேர்காணலுக்குப் போற நம்ம பிள்ளைங்களுக்காக



வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு எழுதுறப்ப எங்க காதுல அதிகமா விழுறது, "அண்ணே, நாளைக்கு இண்டர்வியூ, பேரு நட்சத்திரம் சரியா எழுதுங்க" என்கிற வார்த்தைதான்.

போன மாசம் எங்களோட பூக்கட்டுற ஒரு தங்கச்சிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கம்பெனியில கிராணி வேலைக்குக் கூப்பிட்டாங்க. காலை 9 மணி. அதுக்கு முதல் நேர்காணல், அதனால நாங்க ரெண்டு பேரு துணைக்குப் போனோம். கிள்ளான்ல விடியக்காலையிலேயே கொமியூட்டர் ஏறி, 8.30க்கெல்லாம் வாசல்ல நின்னோம். முகப்புல இருந்தவங்களுக்கு இன்னிக்கு நேர்காணல்னே தெரியல! ஏற்கெனவே அனுப்பின விவரத்தையே மறுபடி பாரத்துல எழுதச் சொன்னாங்க. 11 மணிக்கு வேற கிளைக்குப் போகச் சொன்னாங்க. கிராப் காசு நம்ம கைக்காசு. அங்க போனா அந்தப் பாரம் வந்து சேரல, இன்னொன்னு எழுது. மதியம் 2 மணிக்கு ஒருத்தர் வந்து, உட்காரக்கூடச் சொல்லாம, "மாண்டரின் பேசுவியா?" என்றார். விளம்பரத்துல அப்படி ஒரு வரி கிடையாது. இல்லைன்னதும், வேற வேலை இருக்கு, மூணு மாசத்துக்கு 1,500 வெள்ளி, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவ்வளவுதான் நேர்காணல்.

பிள்ளை அழல. ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் வரைக்கும் பேசவே இல்ல. ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய பேர் குடியிருந்த வட்டாரம் அது. வேலை தேடி வந்தவங்க கும்பிட்ட முருகன்தானே, அங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்தோம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்ட் 1 முதல் சின்ன முதலாளி, பெரிய முதலாளி எல்லாருக்கும் அதுதான். பழகுற காலம்னு சொல்லிக் குறைக்க முடியாது. ஆனா மொழி, இனம்னு ஒதுக்குறதுக்கு வழி குறைவு. 2023ல நடப்புக்கு வந்த 69எஃப் பிரிவு, தொழிலாளிக்கும் அவரோட முதலாளிக்கும் உள்ள தகராறைத்தான் பேசுது. வேலைக்கே சேராத பிள்ளை எந்தக் கணக்குல வரும்? இந்த ஓட்டையை யாராவது அடைக்கணும்.

நம்ம பக்தர்கள்ல கடை, கம்பெனி நடத்துறவங்க நிறைய பேரு. உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்: என்ன மொழி வேணும், எவ்வளவு சம்பளம்னு விளம்பரத்துலயே போடுங்க. ஆள் கிடைச்சிட்டா முதல் நாள் ராத்திரியே ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுங்க. ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வர்ற பிள்ளைங்களும் இருக்காங்க.

பிள்ளைங்களா, கிளம்புறதுக்கு முன்னாடி நேரம், இடம், பார்க்கப் போறவர் பேரு மூணையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. பெர்கேசோ நடத்துற மைஃபியூச்சர்ஜாப்ஸ்ல பதிஞ்சு வைங்க, காசு கிடையாது. பதியத் தெரியாதவங்க ஞாயிறு சாயங்கால பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்கு வாங்க, நாங்க இருப்போம். ஐசியும் எஸ்.பி.எம். சான்றிதழும் மறக்காம எடுத்துட்டு வாங்க. லேப்டாப் இருக்கிற தொண்டூழியர் இன்னும் ரெண்டு பேரு தேவைப்படுது.