பின் இருக்கையில் உட்கார்ந்து வாங்கிய வண்டி

செப்டம்பர் 27, 2025, சனி

புதிய ஜிஎஸ்டி விகிதம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சேலத்துக் கார் ஷோரூம்களில் கால் வைக்க இடமில்லை என்கிறார்கள். நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேரப்போகிறோம்.

அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இப்போதிருக்கும் சின்ன காரில் உட்கார நன்றாகக் குனிந்து இறங்க வேண்டும். எழ வேண்டுமென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறார். வண்டி மாற்ற அதுதான் முதல் காரணம்.

நடுத்தர எஸ்யூவி வாங்கலாமா என்று கணக்குப் பார்த்தோம். இதுவரை நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதம். நான்கு மீட்டரைத் தாண்டி 1500 சிசிக்குள் இருந்தால் 45. அதற்கும் மேற்பட்ட எஸ்யூவிக்கு 50. செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு 18, மற்றவற்றுக்கு 40. நடுத்தர எஸ்யூவியின் விலை இறங்கியிருப்பது உண்மைதான். ஆனால் சின்ன காருக்கும் அதற்கும் நடுவே 16 புள்ளியாக இருந்த வரி வித்தியாசம் இப்போது 22 ஆகியிருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் யாருக்கு, என்ன சுகம் தரும் என்று கேட்டுவிட்டே இந்த வகைக்குள் நுழைய வேண்டும்.

இந்த வகையைப் பரவலாக்கியவை 2012இல் வந்த டஸ்ட்டரும் 2015இல் வந்த க்ரெட்டாவும். ஒன்று ஒரகடத்தில் உருவானது, மற்றது இருங்காட்டுக்கோட்டையில். இன்றைக்குச் செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன், புதிதாக வந்திருக்கும் விக்டோரிஸ் என்று வரிசை நீள்கிறது. எல்லாமே 4.2 முதல் 4.4 மீட்டருக்குள் நீளம், இரண்டு வரிசை இருக்கை, ஐந்து பேர்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமிக்குப் பெரிய மாமா வந்திருந்தார். வண்டிப் பேச்சு எழுந்ததும், "வாங்கறதே வாங்கறீங்க, ஏழு சீட்டா பாத்து வாங்கும்மா. கொல்லிமலைக்குப் போறதுன்னா நாமெல்லாம் ஒண்ணா போலாமில்ல?" என்றார். அவர் சொல்வதில் பாசம் இருக்கிறது. கூடிப் போவதே நம் வீட்டுப் பயணங்களின் அழகு.

ஆனாலும் என் கணக்கை அவரிடம் சொன்னேன். எர்டிகாவின் நீளம் சுமார் 4.4 மீட்டர். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கிக்கு மிஞ்சுவது 209 லிட்டர். கேரன்ஸ் 4,540 மி.மீ.; டிக்கி 216 லிட்டர். இரண்டு வரிசை மட்டுமே உள்ள க்ரெட்டா 4,330 மி.மீ. நீளத்தில் 433 லிட்டர் இடம் தருகிறது. எலிவேட் 4,312 மி.மீ. நீளத்தில் 458 லிட்டர். ஏழு பேர் ஏறினால் ஏழு பேரின் பைகளுக்கு இடமிருக்காது. மூன்றாம் வரிசைக்குப் போக நடு இருக்கையை மடக்கி, உடலை வளைத்து நுழைய வேண்டும். அத்தையால் அது முடியாது. பிள்ளைகளை அங்கே உட்காரவைத்தால் அவர்கள் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடைவெளி குறைவு.

தினமும் ஆறு பேர் போய்வரும் வீட்டுக்கு ஏழு சீட் வண்டிதான் சரி. எங்கள் வீட்டில் நான்கு பேர். வருடத்தில் எல்லோரும் சேரும் சில நாட்களுக்கு ஓர் இன்னோவாவை வாடகைக்கு எடுக்கலாம். மாமா யோசித்துவிட்டு, "வாடகை வண்டிக்கு நான் காசு குடுக்கறேன், போ" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

அத்தையையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஷோரூம்கள் ஏறி இறங்கினோம். எங்கு போனாலும் முதலில் முன்கதவைத்தான் திறக்கிறார்கள். திரை எத்தனை அங்குலம், இருக்கையில் குளிர்காற்று வருமா, சன்ரூஃப் எவ்வளவு பெரிது என்பதில் பேச்சு ஆரம்பிக்கிறது. விற்பனைப் பையன்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நாங்கள் பின்கதவைத் திறக்கச் சொன்னோம்.

எங்கள் முறை இது. முதலில் ஓட்டுநர் இருக்கையை என் கணவர் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொள்வார். பிறகே அதன் பின்னால் அத்தை உட்காருவார். முன் இருக்கையை நன்றாக முன்னே தள்ளிவைத்தால் எந்த வண்டியிலும் கால் நீட்டலாம். அந்த இடம் நம் வீட்டு ஓட்டுநர் உட்கார்ந்ததும் காணாமல் போய்விடும்.

பின் இருக்கை அத்தையின் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தால், இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். திரும்பி உட்கார்ந்தாலே போதும். எஸ்யூவியின் உண்மையான பயன் அந்தச் சில அங்குலங்கள். ஆனால் இருக்கை உயரம் மட்டும் போதாது. ஒரு வண்டியில் வாசற்படி அகலமாக இருந்ததால் கால் தரைக்கு எட்டவில்லை. இன்னொன்றில் கதவு பாதிதான் விரிந்தது. "கண்ணு, ஏறுறதுக்குச் சுளுவா இருக்குது. கால உள்ள இழுக்கறப்பதான் கதவு முட்டுது" என்றார் அத்தை. எந்தச் சிற்றேட்டிலும் இந்தத் தகவலைப் பார்க்க முடியாது.

சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் கிராண்ட் விட்டாராவில் 2,600, க்ரெட்டாவில் 2,610, எலிவேட்டில் 2,650, குஷாக்கில் 2,651 மி.மீ. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அதனால் பின் இருக்கையின் சுகத்தை இந்த எண்ணை வைத்து அளக்க முடியாது. முன் இருக்கைக்கு அடியில் பாதம் நுழைகிறதா, தொடை முழுவதும் மெத்தையில் படிகிறதா, நடுவில் உட்காருபவருக்குத் தரை மேடு தட்டுகிறதா என்பதெல்லாம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பெரிய சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டில் அதன் சட்டம் கூரையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுகிறது. உயரமானவர்கள் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்காமல் அதற்குப் பணம் கட்டக் கூடாது.

அக்டோபர் 11, சனி

இன்றைக்கு எரிபொருள் யோசனை. அவருக்கு டீசல் மேல் ஆசை. க்ரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. அதே வண்டியின் சாதாரண பெட்ரோலில் அது 144தான். மலையேற்றத்தில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஆனால் எங்கள் ஓட்டம் கல்லூரி, பள்ளிக்கூடம், கடைவீதி. எல்லாம் சில கிலோமீட்டர் தூரம். இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. தேங்கிய கரி எரிந்து தீர, வண்டி சூடேறி நெடுஞ்சாலையில் நிதானமாகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இன்ஜின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் வீட்டில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாதம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுபவர்களுக்கு டீசல் நல்ல துணை. எங்களுக்குப் பெட்ரோல்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் ஊருக்குள் மின்சாரத்திலேயே ஊர்ந்துபோகும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. போக்குவரத்து நெரிசலில் நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆனால் அதன் பேட்டரி டிக்கித் தரையின் கீழே இடம்பிடிக்கிறது. எங்கள் டிக்கியில் அத்தையின் வாக்கர் படுக்க வேண்டும். அதன் மேல் பைகள் வர வேண்டும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே ஏட்டில் உள்ள மைலேஜைக் கொஞ்சம் குறைத்தே மாதச் செலவைப் போட்டோம்.

அக்டோபர் 18, சனி

சேலத்துக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும் சரிவில் பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் வந்து முன்னால் போகும் கார்கள் மேல் மோதும் செய்தியைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அந்த வழிதான். அங்கே அடி பின்னாலிருந்து வருகிறது. மூன்றாம் வரிசை வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. முதலில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை ஹேரியரும் சஃபாரியும். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வண்டியின் முன்புறத்தை ஒரு பக்கமாக மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49.

விதிகளைப் படித்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. அந்த முன்மோதல் சோதனையில் பெரியவர்களின் பொம்மைகள் முன் இருக்கைகளில்தான் இருக்கின்றன. பின் இருக்கையில் குழந்தைப் பொம்மைகள். அப்படியென்றால் பின்னால் உட்காரும் பாட்டியைப் பற்றி அந்த நட்சத்திரம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. வண்டியின் கூடு உறுதியானது என்பதற்கு நட்சத்திரம் சாட்சி. அதற்காக அதைக் கட்டாயம் பார்ப்போம். மிச்சத்தை நாமே பார்க்க வேண்டும். பின் இருக்கையின் மூன்று இடத்துக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா? ஹெட்ரெஸ்ட் தலைக்குப் பின்னால் வரும்வரை உயர்கிறதா, கழுத்தோடு நின்றுவிடுகிறதா? பக்கவாட்டுத் திரை ஏர்பேக் பின் ஜன்னலையும் மறைக்குமா? மகளின் இருக்கையைப் பொருத்த ஐசோஃபிக்ஸ் கொக்கி கைக்கு எட்டுகிறதா?

2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. அவர் இருந்தது விலையுயர்ந்த, பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற கார். பெல்ட் போடாதவரை அந்தப் பாதுகாப்பு முழுதாகக் காப்பதில்லை. இனி எங்கள் வண்டியில் எல்லோரும் பெல்ட் போட்ட பிறகே சாவி திரும்பும்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஏற்காட்டு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். ஷோரூமைச் சுற்றி வரும் வழவழப்பான சாலை போதாது என்றதும், ஓர் இடத்தில் தயங்கினார்கள். மற்ற இடங்களில் சம்மதித்தார்கள். மழை விட்ட ஈரச் சாலை. 20 கொண்டை ஊசி வளைவுகள். அவர் ஓட்ட, நான் பின்னால் அத்தைக்கும் மகளுக்கும் நடுவில்.

முன் இருக்கையில் உற்சாகம் தரும் வண்டி பின் இருக்கைக்கு அதே சுகத்தைத் தருவதில்லை. ஸ்பிரிங் இறுக்கமான வண்டி வளைவில் சாயாமல் நிற்கிறது; ஓட்டுபவருக்கு அது நம்பிக்கை. வேகத்தடையில் அதே இறுக்கம் பின்னால் இருப்பவரின் முதுகுத்தண்டில் இறங்குகிறது. ரொம்ப மிருதுவான வண்டியோ வளைவுக்கு வளைவு ஆடுகிறது, அடுத்த வளைவில் வயிறு புரள்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பதைத்தான் தேட வேண்டும்.

ஜன்னலும் முக்கியம். இப்போது அழகுக்காகப் பின்கதவின் விளிம்பை மேலே ஏற்றி, கண்ணாடியைச் சிறிதாக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை. உடல் உணரும் திருப்பத்தைக் கண் பார்க்காவிட்டால்தான் குமட்டல் வருகிறது. ஜன்னல் பெரிதாக இருந்த வண்டியில் மகள் மேலே போய்ச் சேரும்வரை மரங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். அத்தை, "இதுல பெங்களூரு வரைக்கும் வருவேன்" என்றார். அதற்கு மேல் எனக்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.

நவம்பர் 1, சனி

முடிவு செய்துவிட்டோம்: விக்டோரிஸ், 1.5 லிட்டர் பெட்ரோல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், சன்ரூஃப் இல்லாத வேரியன்ட். ஐந்து நட்சத்திரம் வாங்கிய கூடு, ஆறு ஏர்பேக், அத்தைக்கு ஒத்துவரும் இருக்கை. 103 குதிரைத்திறன் எங்கள் ஓட்டத்துக்குப் போதும். பக்கத்து வீட்டுக்கு வேறு வண்டி சரியாக இருக்கும். அவர்கள் வீட்டு முழங்கால்கள் வேறு, சாலைகள் வேறு.

வாங்கப்போகிறவர்கள் ஆன்-ரோடு விலையை வரிவரியாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் சாலை வரி 18 சதவீதம். 15 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் என்ற வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம். இன்சூரன்ஸை வெளியில் எடுத்துக்கொள்ள வாங்குபவருக்கு உரிமை உண்டு. நாங்கள் வெளிக் கொட்டேஷனைக் காட்டியதும் பிரீமியம் இறங்கியது. வேண்டாத ஆக்சஸரீஸை ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னோம்.

நவம்பர் 8, சனி

ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பும் முன் வண்டியை யார்டிலேயே பார்த்துவிட்டோம். சேசிஸ் எண்ணில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறியீடாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இரண்டும் பொருந்தின. ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினோம். நான்கு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாவதான நடு பெல்ட்டையும் மாட்டிப் பார்த்தோம்.

ஷோரூமுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் உடம்பு முடியாதவரையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். சிற்றேட்டைப் பிரிக்கும் முன் பின்கதவைத் திறந்து அவர்களை உட்காரவையுங்கள். முன்னால் உட்காருபவர் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். பின்னால் உட்காருபவர்கள் பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை. சிரமமாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அவர்களுக்காகக் கேட்பது பணம் கட்டுகிறவரின் பொறுப்பு.