மூங்கில் பத்தையும் ஒன்பது கிளிப்பும்

என் தோழியின் தம்பி லாரி ஓட்டுகிறார். போன கோடையில் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விட்டது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. ஆனால் அது எரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனி கொடுத்த மீட்டரின் முள் நடுவில் வந்து நின்றால் அங்கேயே நிற்கும். உள்ளே 85 டிகிரியா, 100 டிகிரியா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டரும் ஆயில் மீட்டரும் போட்டே ஆக வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றார். முதலாளி சம்மதித்தார். ஆனால் டேஷ்போர்டில் கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். “நாமக்கல்ல ஒருத்தர் இருக்கார், பிரிச்ச தடமே தெரியாது, நீயும் வந்து பாரு” என்று தோழி கூப்பிட்டாள்.

சேலம் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. ஒரு பக்கம் பாடி கட்டும் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. லாரி எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நாங்கள் காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். அவர் வண்டியை நிழலிலிருந்து எடுத்து, முன்கண்ணாடி கிழக்கே பார்க்கும்படி வெயிலில் நிறுத்தச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

“ராத்திரிக் குளுருல பிளாஸ்டிக் வெறச்சுப் போயிருக்குமுங்க அம்மிணி. இப்பத் தொட்டா கிளிப்போட காது ஒடிஞ்சுபோகும். வெயிலு ஏறட்டும்.”

பத்து மணிக்குத்தான் கை வைத்தார். முதல் வேலையாக பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றினார். பிறகு பேனலைத் தொடாமல், ஸ்க்ரூக்களைத் தேடினார். ஃபியூஸ் பெட்டி மூடிக்குப் பின்னால் இரண்டு, சாம்பல் கிண்ணத்தை எடுத்தால் ஒன்று, பொத்தான் போன்ற சின்ன மூடிக்கு உள்ளே ஒன்று. பிளாஸ்டிக் உடைவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் என்றார். ஒரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருப்பது தெரியாமல் இழுப்பார்கள், வராது, இன்னும் பலமாக இழுப்பார்கள், பேனல் இரண்டாகும். ஓர் அட்டையில் டேஷ்போர்டின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தார்.

அதன் பிறகு சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார். ஒரு சாண் நீளத்தில் மூங்கில் பத்தை. ஒரு முனை நாக்கு மாதிரி மெலிந்திருந்தது. கை எண்ணெய் ஊறி ஊறிப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. இதற்கென்றே நைலான் நெம்புகோல்கள் செட்டாக விற்கின்றன. அவரிடமும் ஒன்று இருந்தது. அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டார். ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணில் படும் இடத்தில்கூட வைக்கவில்லை. இரும்பு பிளாஸ்டிக்கைவிடக் கடினம், நெம்பினால் விளிம்பு நசுங்கும். மூங்கில் தான் வளைந்துகொடுக்கும், அதிகமானால் தானே பிளந்துபோகும். “பேனலுக்கு முன்னால இது ஒடியோணும், அதுக்குத்தான் இது” என்றார்.

பேனலின் இரு பக்கத்து விளிம்பிலும் காகித டேப் ஒட்டினார். இடுக்கின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டி அழுத்திக்கொண்டே போனார். அமுங்கும் இடத்தில் கிளிப் இல்லை. அமுங்காமல் எதிர்த்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் டேப்பின் மேல் பேனாவால் புள்ளி வைத்தார். ஒன்பது புள்ளிகள். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே நெம்பினால் பேனல் வில்லாக வளைந்து விரியும். அதனால் புள்ளிக்கு ஒட்டினாற்போல் பத்தையை நுழைத்து, சாய்க்காமல், நேராகத் தன் பக்கம் கொண்டுவந்தார். டக். அடுத்த புள்ளி. டக். ஒன்பதாவது வந்ததும் பேனலை இழுத்துவிடவில்லை. கையை உள்ளே விட்டுப் பின்னால் இருந்த ஒயர் சாக்கெட்டுகளின் பூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி விடுவித்தார். அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இவர் பதினான்கு வயதில் ஒரு பாடி பட்டறையில் ஒயர்மேனுக்குக் கையாளாகச் சேர்ந்தவர். அப்போது லாரிகள் பெரும்பாலும் இன்ஜினும் சேசிஸும் முகப்புத் தகரமுமாக மட்டும் வந்து சேரும். கேபினையே நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் மரத்தாலும் தகரத்தாலும் கட்டுவார்கள். டேஷ்போர்டு என்பது ஒரு பிளைவுட் பலகை, மேலே சன்மைக்கா, ஓரத்தில் பீடிங். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் பலகை கையில் வந்துவிடும். கம்பெனியே முழு கேபினோடு வண்டி அனுப்பத் தொடங்கிய பிறகு பலகை போய் பிளாஸ்டிக் வந்தது. அவர் முதன்முதலில் பிரித்த பிளாஸ்டிக் பேனல் நடுவில் விண்டுபோனது. பட்டறைக்காரர் அதன் விலையை அவர் கூலியில் மாதாமாதம் கழித்தார். அந்தக் கடன் தீர்வதற்குள் பக்கத்தில் ஏணி கட்டியவரிடம் மிச்சமான மூங்கில் துண்டைக் கேட்டு வாங்கி, முதல் பத்தையைச் சீவிக்கொண்டார். இப்போது கையில் இருப்பது எத்தனையாவது என்று அவருக்கே கணக்கில்லை.

மீட்டருக்கு 52 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். அதைத் தனியாக வைத்திருந்த ஒரு மாற்றுப் பேனலில்தான் போட்டார். வண்டியோடு வந்த பேனலைத் துணியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஓட்டை போடும் ரம்பத்தை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டு வட்டத்தைப் பதியவைத்தார். அப்படிச் செய்தால் பிளாஸ்டிக் பிசிறாது. தண்ணீர்க் குழாயில் சென்சார் பொருத்தியதும் ஒயர் இழுத்ததும் நான் பின்தொடர முடியாத வேகத்தில் நடந்தன. ஒன்று மட்டும் மனதில் நின்றது: லாரியில் ஓடுவது 24 வோல்ட். கார் மீட்டரையே பெட்டியில் போட்டு லாரிக்கென்று விற்கிறார்களாம். 12 வோல்ட் மீட்டரை மாட்டினால் கருகும். பழி எலக்ட்ரீஷியன் தலையில் விழும், விற்றவன் பில்லே கொடுத்திருக்க மாட்டான்.

எனக்குக் கோபம் வந்த இடம் கிளிப். கட்டைவிரல் நகத்தளவு பிளாஸ்டிக். உடைந்தால் அதை மட்டும் வாங்க அண்ணன் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். முழு பேனலாகத்தான் கிடைக்கும் என்றார்களாம். சில ரூபாய் பொருளுக்காக ஆயிரக்கணக்கில் பேனல். அந்தப் பேனலை வாங்கிக் கொடுக்கும் தரகருக்கு அதில் ஒரு பங்கு, வண்டியைப் பட்டறைக்கு அனுப்பியவருக்கு ஒரு பங்கு. பேனலை உடைக்காமல் எடுக்கத் தெரிந்தவருக்கு அரைநாள் கூலி. உடைத்தால் எல்லோருக்கும் வருமானம். உடையாமல் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் அது இல்லை. இது எந்த ஊர் நியாயம்? கீறலுக்குச் சம்பளம் பிடிக்கும் முதலாளி, கீறல் விழாமல் செய்தவருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தாரா என்று தம்பியிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

அண்ணனிடம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உடைப்புக்குப் போன கேபின்களிலிருந்து பொறுக்கிய கிளிப்புகள் அதில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. ஒன்பதில் ஒன்றின் காது ஏற்கெனவே தேய்ந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். பேனலை உள்ளங்கையால் அடித்துப் பொருத்தும்போது ஒன்பது டக்குகளையும் வாய்விட்டு எண்ணினார்.

நான்கு நாள் கழித்துத் தம்பி அதே தொப்பூரிலிருந்து ஒரு படம் அனுப்பினார், கிளீனர் எடுத்தது. முள் 98-ல் இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஏற்றத்தின் பாதியிலேயே ஓரங்கட்டி, ஆறவிட்டிருக்கிறார்கள். அதை அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

“பாத்தனுங்க அம்மிணி. இடது மூலையில இடுக்கு ஒரு நூலு அகலமாத் தெரியுது. திரும்பி வாரப்ப வண்டிய இங்க கொண்டாரச் சொல்லுங்க.”