குற்றாலச் சாரலும் நிலத்தடித் தொட்டியும்

ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தின் முகமே மாறிவிடுகிறது. வெயிலும் தூறலும் ஒருங்கே இறங்குகின்றன. காசி விசுவநாதர் கோயிலின் நெடிய கோபுரத்திற்கு அப்பால் திரிகூட மலை முகிலுக்குள் பாதி மறைந்து நிற்கிறது. அருவிகளின் நீர் சிற்றாற்றைச் சேர்ந்து, கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. குளிக்க வருவோர் காணும் நீர் இது. இவ்வூர் மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பகுதியோ, எவர் கண்ணிலும் படாமல் மண்ணுக்கும் பாறைக்கும் இடையே நகர்ந்து, வீட்டுக் கிணறுகளில் ஊறி நிற்கிறது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கென்றே குற்றாலம் வந்த காலம் ஒன்று உண்டு. அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் கூடாதென்று 2014 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. சிலருக்கு அது மனத்தாங்கலே. ஆயினும் அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலின் அதைத் தடுக்கவும் முடிந்தது. நாம் இங்கே கூற வந்தது வேறோர் எண்ணெயைப் பற்றி.

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் செல்லும் சாலையில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றிற்காகப் பெட்ரோல் பங்க்குகளும் அமைந்துள்ளன. சென்ற சாரல் காலத்தில் நாம் அவ்வழியே சென்றபோது, ஒரு பங்க்கில் பழைய தொட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவந்த துருவேறிய அந்த இரும்புத் தொட்டி, ஒரு சிற்றறை அளவு பெரிது. அதைச் சுற்றி நிரப்பியிருந்த மணலின் ஒரு புறம் கறுத்து, மூக்கைத் துளைக்கும் நெடியோடு கிடந்தது. மதிலுக்கு அப்பால் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் கிணறு.

"தொட்டி ஓட்டை இல்ல சாமி. டேங்கர்ல இருந்து இறக்கும்போது சிந்துனதுதான்" என்றார் மேற்பார்வையாளர்.

"இந்த மணல் எங்கே போகிறது, அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"ஒரு மனைக்குப் பள்ளம் நிரப்பணும்னு கேட்டாங்க. அங்கதான்."

கேட்ட நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அபாயக் கழிவுகளுக்கான 2016 ஆம் ஆண்டு விதிகளைப் பற்றியும், அத்தகைய கழிவை ஏற்பதற்கென்றே கும்மிடிப்பூண்டியில் ஓரிடம் உள்ளதைப் பற்றியும் எடுத்துரைத்தோம். அவர் தலையைச் சொறிந்தார். முதலாளியைக் கேட்பதாகக் கூறி மணல்மேல் தார்ப்பாயை விரிக்கச் செய்தார். அம்மட்டில் நல்லதே.

மண்ணில் இறங்கிய பெட்ரோல் என்ன ஆகிறது? ஒரு பகுதி மண்துகள்களிடையே ஒட்டிக்கொள்கிறது. எஞ்சியது நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்கி, நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் மிதக்கிறது. அதிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து கிணறுகளை நோக்கி நகர்கிறது. அது புற்றுநோய் விளைவிப்பது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த அளவில் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. வாடை அடிக்கும்போது வரம்பு எப்போதோ கடந்திருக்கும். குற்றாலப் பகுதி கடினப் பாறை நிலமாதலால் நீர் பாறை வெடிப்புகளின் போக்கிலேயே செல்கிறது. அடுத்த வீட்டுக் கிணறு தப்பலாம். நாலாவது வீட்டுக் கிணறு கெடலாம்.

இது வெறும் அச்சமன்று. சென்னைத் தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பகுதி மக்கள் 2013 இல் தம் ஆழ்துளைக் கிணறுகளில் நீரோடு எண்ணெயும் வரக் கண்டார்கள். துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியத்தின் கிடங்குக்குச் சென்ற நிலத்தடிக் குழாயின் கசிவே காரணம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். மிதந்த எண்ணெயைக் கிணறு தோண்டி உறிஞ்சும் வேலை ஆண்டுக் கணக்கில் நீண்டது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலும் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணாம்புப் பாறை வழியே சென்று கிணறுகளைக் கெடுத்தது. 2019 இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கிணற்றையே நம்பி வாழும் அந்த மண்ணில், குடிநீரை வண்டிக்காகக் காத்திருந்து பிடிக்கும் நிலை வந்ததை எண்ணும்போது, பணம் எதற்கு ஈடு என்ற கேள்வி எழாமலில்லை.

அமெரிக்க நாட்டில் இத்தகைய கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. தூய்மைப்படுத்தும் செலவுக்கென 1986 இல் அங்கே ஒரு காலன் எரிபொருளுக்குச் சென்ட்டில் பத்திலொரு பங்கு வரி விதித்தார்கள். எவர் பெட்ரோல் வாங்கினாலும் அதில் பங்கு கொடுக்கிறார். நமக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

கெட்ட மண்ணைத் திருத்த வழிகள் பல. மண் சிறிதளவெனில் தோண்டியெடுத்துவிடலாம். இல்லையேல் குழாய் இறக்கி மண்ணிடையே உள்ள ஆவியை இழுத்தெடுப்பார்கள். நீருக்குள் காற்றைச் செலுத்தியும் வெளியேற்றுவார்கள். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களும் மண்ணில் உண்டு. அவற்றுக்குக் காற்றும் உரச்சத்தும் கிடைத்தால் வேலை விரைவுபெறும். தில்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் என்னும் நுண்ணுயிர்க் கலவை, எண்ணெய் படிந்த நிலங்களில் இவ்வாறு பயன்பட்டுள்ளது. ஆயினும் பெட்ரோலில் இப்போது கலக்கும் எத்தனால் ஒரு சிக்கலைத் தருகிறது: நுண்ணுயிர்கள் அதையே முதலில் உண்பதால், பென்சீன் அழியாமல் நெடுந்தூரம் செல்ல இடமுண்டாகிறது.

கசிவை முதலில் காட்டுவது ஓர் எளிய அளவுகோல். பங்க்கில் நாள்தோறும் தொட்டிக்குள் கோலை இறக்கி இருப்பை அளக்கிறார்கள். விற்றதைக் கழித்தபின் குறைவு தொடர்ந்து தெரிந்தால், அதைத் தேய்மானமென்று எழுதி மூடாமல் தேட வேண்டும். மாசடைந்த இடங்களுக்கென மத்திய அரசு 2025 இல் வெளியிட்ட விதிகள், ஐயத்துக்குரிய இடங்களை அறிவிக்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்துள்ளன. தென்காசி தனி மாவட்டமானதே 2019 இல்தான்.

பங்க்கிற்கு அருகே கிணறுள்ளோர் நீரைச் சோதிக்கக் கொடுக்கையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான சோதனை உப்பையும் கடினத்தன்மையையும் பார்ப்பது. பென்சீனைத் தனியே கேட்டாலன்றிப் பாரார்கள். கண்ணாடிப் புட்டியில் காற்றுக்கு இடமின்றி விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, காலந்தாழ்த்தாமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.